கார் டயர் எவ்வளவு நாள் வரும்? புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

புதுக் கார் எடுத்த அன்று நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிகிறோம். அப்புறம் பஞ்சர் ஆகும் வரை டயர் பக்கம் யாரும் குனிவதில்லை. என் முதல் காரில் நானும் அப்படித்தான் இருந்தேன். வண்டி 22,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது, திருச்சியிலிருந்து மதுரை போகும் வழியில் விராலிமலை தாண்டி, முன்பக்க இடது டயரில் காற்று இறங்கிவிட்டது. சாலையோரப் பஞ்சர் கடையில் இருந்த தம்பி சக்கரத்தைக் கழற்றி உருட்டிக்கொண்டு வந்தவர், பாதியிலேயே நின்றுவிட்டார். "அண்ணே, இந்தப் பக்கம் பாத்தீங்களா?" என்று டயரைத் திருப்பிக் காட்டினார்.

வெளியே தெரியும் பக்கம் பட்டன், அதாவது சாலையில் படும் ரப்பர் வரிகள், நன்றாகவே இருந்தது. காருக்கு அடியில் மறைந்திருக்கும் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு ரப்பரே இல்லை. உள்ளே பின்னியிருக்கும் எஃகுக் கம்பி துருப்பிடித்து, முடி முடியாக நீட்டிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு அந்த டயரில்தான் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது கை நடுங்கியது.

டயர் தேயத்தான் செய்யும். ஆனால் பாதி வயதிலேயே தேய்வதும், ஒருபக்கமாகத் தேய்வதும், நாம் பார்க்காமல் விடுவதால் வருவது. பார்ப்பதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம், ஒரு காற்று அளவி, உங்கள் உள்ளங்கை, அவ்வளவுதான்.

கிலோமீட்டர் கணக்கு

எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி இது. நம் ஊர்ச் சாலையில், சாதாரண ஹேட்ச்பேக்கோ செடானோ ஓட்டுபவருக்கு ஒரு செட் டயர் 40,000 முதல் 50,000 கிலோமீட்டர் வரை வரும். பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே, நிதானமாக ஓட்டுபவர்கள் அதற்கு மேலும் ஓட்டியிருக்கிறார்கள். சாலையை இறுக்கிப் பிடிக்கும் மென்மையான ரப்பர் டயர்கள் 30,000-லேயே முடிந்துவிடலாம். மின்சாரக் காரில் பேட்டரியின் எடை அதிகம், மிதித்தவுடன் இழுவையும் முழுதாக வந்துவிடும். அதனால் அதில் டயர் இன்னும் சீக்கிரம் தேயும்.

இந்தப் பொதுக் கணக்கை விட உங்கள் வண்டியின் கணக்கே உங்களுக்குப் பயன்படும். அதைப் போடுவது எளிது. புது டயரில் பட்டனின் ஆழம் ஏறத்தாழ 7 முதல் 8 மில்லிமீட்டர் இருக்கும். டயர் ஆழம் அளக்கும் சின்னக் கருவி கடையில் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. பேனா மூடி அளவுதான் இருக்கும், அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அன்றே நான்கு டயரையும் அளந்து எழுதிவையுங்கள். 10,000 கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப அளங்கள். 7.5 இருந்தது 5.5 ஆகிவிட்டது என்றால், 5,000 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் தேய்கிறது என்று பொருள். 3 மில்லிமீட்டர் வரும்போது மாற்றுவது என்று வைத்துக்கொண்டால் இன்னும் 12,500 கிலோமீட்டர் போகும். எப்போது பணம் ஒதுக்க வேண்டும் என்பது இப்போதே தெரிந்துவிடும். நான்கில் ஒன்று மட்டும் மற்றவற்றை விட வேகமாகத் தேய்ந்தால், அந்தச் சக்கரத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பதையும் இந்தக் கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: வெளிவிளிம்பு, நடு, உள்விளிம்பு. உள்விளிம்பைக் கண்ணால் பார்க்க, ஸ்டியரிங்கை முழுதாக ஒருபக்கம் ஒடித்து நிறுத்தினால் முன் சக்கரம் வெளியே திரும்பிக் காட்டும். பின் சக்கரத்துக்குக் குனிந்து கைபேசி விளக்கை அடித்துத்தான் பார்க்க வேண்டும். விராலிமலைக்கு முன்பு இதை ஒருமுறை செய்திருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்கும்.

வயதுக் கணக்கு

கிலோமீட்டர் ஓடாத டயரும் கெடும். புதிதாக வருபவர்களிடம் இதை நம்ப வைப்பதுதான் கடினம்.

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவின் கார் எட்டு வருடத்தில் 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் எடுப்பார். டயரை மாற்றச் சொன்னபோது, "பட்டன் புதுசு மாதிரி இருக்கு, எதுக்குடா தம்பி மாத்தணும்?" என்றார். பட்டன் உண்மையிலேயே புதிதாகத்தான் இருந்தது. பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினேன். காய்ந்த வயல்போல மெல்லிய வெடிப்புகள் வாய் திறந்தன. சாயங்கால வெயில் விழும் பக்கத்து இரண்டு டயர்களில் வெடிப்பு இன்னும் ஆழமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

காரணம் இதுதான். காற்றில் இருக்கும் ஓசோன் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்கும். வெயிலும் சூடும் ரப்பரை இறுகச் செய்யும். இதைத் தடுக்க டயர் செய்யும்போதே மெழுகும் சில பாதுகாப்பு வேதிப்பொருள்களும் கலக்கிறார்கள். டயர் உருண்டு, நசுங்கி, விரியும்போது அவை கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்து ரப்பரின் மேல் ஒரு பூச்சாகப் படியும். டயரின் பக்கத்தில் சில நேரம் தெரியும் பழுப்பு நிறம் அந்தக் கசிவால் வருவது, அழுக்கு அல்ல. நிறுத்தியே வைத்த வண்டியில் இந்தக் கசிவு சரியாக நடக்காது. அதனால் ஓடும் டயரை விட நிற்கும் டயரில் சீக்கிரம் வெடிப்பு விழுகிறது. ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் தரையில் பதிந்த பகுதி தட்டையாகி, ஓட்டும்போது தடதடக்கவும் செய்யும். அடிக்கடி எடுக்காத வண்டியை வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி வாருங்கள், நிழலில் நிறுத்துங்கள்.

டயர் எப்போது பிறந்தது என்பது அதன் பக்கத்திலேயே எழுதியிருக்கும். டி.ஓ.டி. என்று தொடங்கும் நீளமான எழுத்துத் தொடரின் கடைசியில், பெரும்பாலும் முட்டை வடிவக் கட்டத்துக்குள், நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் மாதத் தொடக்கம். இந்த நான்கு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்கூட இருக்கலாம். வெளிப்பக்கம் காணோம் என்றால் உள்பக்கம் தேடுங்கள்.

மாட்டி ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் கடையில் காட்டிச் சோதிக்க வேண்டும், செய்த நாளிலிருந்து பத்து வருடம் ஆகிவிட்டால் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்று டயர் நிறுவனங்கள் சொல்கின்றன. கார் நிறுவனங்கள் பல ஆறு வருடத்திலேயே மாற்றச் சொல்கின்றன. நம் ஊர் வெயிலுக்கு நான் ஆறு வருடக் கணக்கைத்தான் பிடித்துக்கொள்வேன். ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான். பின்னால் இருட்டில் கிடந்தாலும் அதற்கும் வயதாகிறது.

காற்று: இதைச் சரியாகச் செய்தால் பாதி வேலை முடிந்தது

டயரைச் சீக்கிரம் தின்பதில் முதல் இடம் காற்றுக் குறைவுக்குத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதைப் பங்க்கில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். அதில் முன் சக்கரத்துக்கு இவ்வளவு, பின் சக்கரத்துக்கு இவ்வளவு என்று இருக்கும். இரண்டு பேர் போகும்போது ஓர் அளவு, ஆளும் சாமானும் நிறைந்திருந்தால் வேறு அளவு என்று பிரித்துக்கூடப் போட்டிருப்பார்கள். பெரும்பாலான கார்களுக்கு இது 30 முதல் 36 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அலகு) வரைக்குள் இருக்கும். டயரின் பக்கத்தில் பொறித்திருக்கும் காற்று அளவு வேறு. அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து அடிக்கக்கூடாது.

காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். காலையில் வண்டி எடுக்கும் முன்போ, வீட்டிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கும் பங்க்கிலோ பார்க்கலாம். ஓடும்போது டயர் சூடேறி, உள்ளே அழுத்தம் 4, 5 பி.எஸ்.ஐ. கூடிவிடும். மதுரை வரை ஓட்டிப்போய் அங்கே அளந்தால் 33 இருக்க வேண்டியது 38 காட்டும். "கூட இருக்கு" என்று அதைப் பிடுங்கிவிட்டால், மறுநாள் காலை டயர் 28-இல் நிற்கும். இந்தத் தவறு தினமும் பங்க்கில் நடக்கிறது. வெயில் 10 டிகிரி ஏறினாலே ஒன்றரை பி.எஸ்.ஐ. அளவு கூடும். அதனால் மார்கழியில் அடித்த காற்றைச் சித்திரையிலும், சித்திரையில் அடித்ததை மார்கழியிலும் மறுபடி பார்க்க வேண்டும்.

எந்தக் கோளாறும் இல்லாத டயரும் மாதம் ஒரு பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்றை இழக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், தொலைதூரம் போகும் முன்னும் பாருங்கள். சொந்தமாக ஒரு அளவி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு பங்க்கின் கருவி காட்டுவதும் இன்னொன்று காட்டுவதும் ஒத்துப்போவதில்லை. காற்று அடித்த பிறகு வால்வு முனையில் கொஞ்சம் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்வுக்குள் இருக்கும் ஊசி கசிகிறது. அப்புறம் மூடியைப் போட மறக்காதீர்கள், மண் உள்ளே போகாமல் காப்பது அதுதான்.

காற்று குறைந்தால் டயர் நடுவில் தொய்ந்து, இரண்டு விளிம்பும் சாலையில் அழுந்தும். விளிம்புகள் தேய்ந்து, நடுவில் பட்டன் உயரமாக நிற்கும். பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிவதால் உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். கோடையில் நெடுஞ்சாலையில் டயர் வெடிக்கும் விபத்துகளுக்குப் பின்னால் இந்தச் சூடு இருக்கிறது. குறைந்த காற்று, நிறைந்த சுமை, அதிக வேகம் மூன்றும் சேர்ந்தால் டயர் தாங்காது. கோடைக்குக் காற்றைக் குறைத்து வைக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. ஸ்டிக்கரில் போட்ட அளவுதான் கோடைக்கும். காற்று அதிகமானால் டயர் நடுவில் உப்பி, நடுப்பகுதி மட்டும் தேயும். பள்ளத்தில் விழும்போது அடியும் பலமாக விழும்.

நைட்ரஜன் அடிக்கலாமா என்று கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அடித்தால் கெடுதல் இல்லை, கொஞ்சம் மெதுவாக இறங்கும். ஆனால் "நைட்ரஜன் போட்டாச்சு" என்று இரண்டு மாதம் பார்க்காமல் விடுவதை விட, சாதாரணக் காற்றை ஒழுங்காகப் பார்ப்பது நல்லது. டயர் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியும் வசதி இருக்கும் வண்டிகளிலும் அளவியை விட்டுவிடாதீர்கள். காற்று நன்றாகக் குறைந்த பிறகுதான் பெரும்பாலும் அந்த விளக்கு எரியும்.

உள்ளங்கையால் பார்ப்பது

வண்டி நின்று டயர் ஆறிய பிறகு, உள்ளங்கையைப் பட்டன்மேல் வைத்து வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத் தடவுங்கள். அப்புறம் உள்ளேயிருந்து வெளியே. ஒரு திசையில் வழுவழுப்பாகவும், எதிர்த் திசையில் ரம்பப்பல்போலக் கையைப் பிடிப்பதாகவும் இருந்தால், இரண்டு சக்கரமும் நேராகப் போகவில்லை, ஒன்றையொன்று பார்த்தோ விலகியோ உருள்கின்றன. ஒவ்வொரு அடியும் டயரைக் கொஞ்சம் பக்கவாட்டில் இழுத்துத் தேய்த்துக்கொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியும் முன்பே கைக்குத் தெரிந்துவிடும் என்பதுதான் இதில் உள்ள நன்மை. அன்றே அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று, பாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், கண்ணாடித் துண்டும் ஏறியிருக்கலாம், அதனால் முதலில் கண்ணால் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் சாய்வு, கெட்டிருக்கும். அல்லது கீழே சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் புஷ், பால் ஜாயின்ட் ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு நடந்தது இதுதான். ஒரு பள்ளத்தில் பலமாக இறங்கிய பிறகு ஸ்டியரிங் லேசாக இடது பக்கம் இழுத்ததை நான் பொருட்படுத்தவில்லை. டயரைச் சுற்றிலும் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், அல்லது பேலன்ஸிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இருப்பது, சரியில்லை.

தடவும்போதே பட்டன் இடுக்குகளையும் பாருங்கள். கல் சிக்கியிருந்தால் எடுத்துவிடலாம். ஆணி இருந்தால் பிடுங்காதீர்கள், அப்படியே பஞ்சர் கடைக்குப் போங்கள். டியூப்லெஸ் டயரில் ஆணி அதே இடத்தில் இருக்கும் வரை காற்று மெதுவாகத்தான் இறங்கும். தென் மாவட்டங்களில் ஊர்ச் சாலைகளில் போகிறவர்களுக்குச் சீமைக்கருவேல முள் பழக்கமானதுதான். அது உள்ளே ஒடிந்து நின்றுகொண்டு, வாரக்கணக்கில் காற்றை இறக்கும். ஒரு டயர் மட்டும் மற்றதை விடச் சீக்கிரம் இறங்கினால் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பஞ்சர் பட்டன் பகுதியில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் ஒட்டக்கூடாது.

பக்கச் சுவரில் ஒரு இடம் மட்டும் கொப்புளம்போலப் புடைத்திருந்தால், உள்ளே இழைகள் அறுந்துவிட்டன. பள்ளத்திலோ வண்ணம் அடிக்காத வேகத்தடையிலோ வேகமாக மோதியதால் வருவது அது. இதற்கு வைத்தியம் கிடையாது. புது டயராக இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும், ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

அலைன்மென்ட், பேலன்ஸிங், இடம் மாற்றுவது

பெரும்பாலான சின்னக் கார்களில் எஞ்சின் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். பிரேக்கின் பெரும்பங்கும் அதற்குத்தான், திருப்பத்தில் திரும்புவதும் அதுதான். அதனால் முன் டயர்கள் பின் டயர்களை விட மிகவும் வேகமாகத் தேயும். இதைச் சமன் செய்ய 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்ற வேண்டும். முன்னால் இழுக்கும் காரில், முன் டயர்களை அதே பக்கம் நேராகப் பின்னால் கொண்டுபோங்கள். பின் டயர்களைப் பக்கம் மாற்றி, வலதை இடதாகவும் இடதை வலதாகவும் முன்னால் போடுங்கள். டயரின் பக்கத்தில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்டிருந்தால் பக்கம் மாற்றக்கூடாது, முன்பின் மட்டும்தான். ஸ்டெப்னியும் அதே அளவு என்றால் அதையும் சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம், ஐந்தும் ஒன்றாகத் தேயும். இப்போது பல கார்களில் ஸ்டெப்னி சின்ன அளவில் வருகிறது. அதைச் சேர்க்கவே கூடாது, அதை மாட்டிக்கொண்டு வேகமாகவும் ஓட்டக்கூடாது.

இடம் மாற்றும் அன்றே அலைன்மென்ட்டும் பேலன்ஸிங்கும் பார்த்துவிடுங்கள். நேர்ச்சாலையில் வண்டி ஒருபக்கம் இழுத்தாலோ, நேராகப் போகும்போது ஸ்டியரிங் கோணலாக நின்றாலோ கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் போக வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும், பெரும்பாலும் 80-ஐத் தாண்டும்போது, ஸ்டியரிங் நடுங்கினால் அது பேலன்ஸிங். ரிம்மில் ஒட்டியிருந்த ஈயக்கட்டி விழுந்திருக்கலாம்.

கடையில் ஒன்று கேளுங்கள். அலைன்மென்ட்டுக்கு முன்பும் பின்பும் உள்ள அளவுகளை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அளப்பதற்கு முன் காற்றைச் சரிபார்த்தார்களா, புஷ், பால் ஜாயின்ட் ஆட்டத்தைப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். ஆடும் பால் ஜாயின்ட்டை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்தால், அடுத்த தெரு முனையிலேயே மாறிவிடும். பல சின்னக் கார்களில் கேம்பரை மாற்ற நிறுவனம் தனி வசதி வைத்திருப்பதில்லை. அதை ஜாக்கி வைத்து நெம்பிச் சரிசெய்வதாகச் சொன்னால் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். அளவு ஏன் மாறியது, எந்தப் பாகம் வளைந்திருக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஓட்டுகிற கை

ஒரே மாதிரி, ஒரே டயர் போட்ட இரண்டு காரில் ஒன்று 30,000-இலும் இன்னொன்று 50,000-இலும் டயர் மாற்றுவது சாதாரணமாக நடப்பது. சிக்னல் பச்சையானதும் பாய்வது, அடுத்த சிக்னலில் அழுத்திப் பிடிப்பது, திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் வளைப்பது எல்லாமே ரப்பரைச் சாலையில் விட்டுவிட்டு வருவதுதான். மலைச்சாலையில் இது நன்றாகத் தெரியும். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40. ஒவ்வொன்றிலும் முன் டயரின் வெளித்தோள் சாலையில் அரைபடும். அடிக்கடி மலை ஏறுபவர்கள் டயர் இடம் மாற்றுவதை 5,000 கிலோமீட்டருக்கே வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது கியரைக் குறைத்து இறங்குங்கள், பிரேக்குக்கும் டயருக்கும் சேர்த்து நல்லது.

நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்காமல், வண்டி லேசாக நகரும்போது ஒடியுங்கள். பிளாட்பாரக் கல்லில் உரசி நிறுத்தாதீர்கள், பக்கச் சுவர்தான் டயரில் மெல்லிய பகுதி. டயர் பளபளக்கப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கலந்து துடைப்பவர்கள் இருக்கிறார்கள். அது ரப்பரை அரிக்கும். தண்ணீரும் சோப்பும் போதும்.

எப்போது மாற்றுவது

பட்டன் இடுக்கின் அடியில் குறுக்காகச் சின்ன மேடுகள் இருக்கும். பக்கச் சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சின்ன முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராகப் பார்த்தால் கண்ணில் படும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் ஆழம் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம். காருக்கு நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை அது. அதற்குக் கீழே போனால் மொட்டை டயர்தான்.

ஆனால் அந்த எல்லை வரை காத்திருக்க வேண்டாம் என்பது என் கருத்து. பட்டன் இடுக்குகள் இருப்பதே மழைத் தண்ணீரை ஓரம் தள்ளுவதற்குத்தான். ஆழம் குறையக் குறையத் தள்ளும் தண்ணீரும் குறைகிறது. ஒரு கட்டத்தில் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீர்மேல் மிதக்கும், ஸ்டியரிங்கும் பிரேக்கும் அப்போது பேச்சுக் கேட்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை போகும் நெடுஞ்சாலையில் ஒருமுறை அதை உணர்ந்தவர்கள் 1.6 மில்லிமீட்டரை நம்ப மாட்டார்கள். 3 மில்லிமீட்டர் வந்ததும் மாற்றுங்கள். ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கிறோமே, அன்றே ஆழத்தையும் அளந்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக முன்னால் வரும் நாள் அது.

புது டயர் வாங்கும்போது

உங்கள் டயரின் பக்கத்தில் 185/65 ஆர்15 88எச் என்பதுபோல எழுதியிருக்கும். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம் என்பது, அதாவது 120 மில்லிமீட்டர். ஆர் என்றால் ரேடியல், 15 என்பது ரிம்மின் அங்குல அளவு. 88 என்ற எண் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதைக் குறிக்கும். எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும். புது டயரில் சுமை எண்ணும் வேக எழுத்தும் உங்கள் வண்டியின் கையேட்டில் சொன்னதை விடக் குறையக்கூடாது. அகலமான டயர் அழகாக இருக்கும் என்று அளவை மாற்றினால் ஸ்டியரிங் கனக்கும், மைலேஜ் குறையும், வளைவில் வண்டியின் உடம்பில் உரசவும் செய்யும்.

பில் போடும் முன் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள். ஆறு மாதத்துக்குள் செய்ததாகக் கேளுங்கள். அரக்கோணத்திலும் பெரம்பலூரிலும் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று நம் மாநிலத்திலேயே டயர் ஆலைகள் இருக்கின்றன. இரண்டு வருடப் பழைய சரக்கை முழு விலைக்கு வாங்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய டயரில் கத்தியால் பட்டன் வெட்டி, கருப்பு அடித்துப் புதிதுபோல விற்பவர்களிடம் விலைக்காக மயங்க வேண்டாம். வெட்டும்போது அடியில் இருக்கும் ரப்பர் மெலிந்து, கம்பிக்கு மேல் பாதுகாப்பே இருக்காது.

இரண்டு டயர் மட்டும் வாங்க முடிந்தால், புதிய இரண்டும் பின்னால் போக வேண்டும். கடையில் பலர் முன்னால் போடச் சொல்வார்கள், கேட்கவும் நியாயமாகத் தோன்றும். ஆனால் ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரியும், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி பெரும்பாலும் அடங்கிவிடும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், பழகிய ஓட்டுநராலும் பிடிப்பது கடினம். ஒரே அச்சில் இரண்டு பக்கமும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகை டயராக இருக்கட்டும். டயரோடு சேர்த்து ரப்பர் வால்வையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள், செலவு மிகக் குறைவு. முதல் 300 கிலோமீட்டர் வரை திடீர் பிரேக், வேகமான வளைவு வேண்டாம். புது ரப்பரின் மேல் இருக்கும் வழுவழுப்பு போக அவ்வளவு தூரம் தேவை.

கழற்றிய டயரை மொட்டை மாடிக்கோ கொல்லைப்புறத்துக்கோ கொண்டுவராதீர்கள், கடையிலேயே கொடுத்துவிடுங்கள். உள்ளே தேங்கும் மழைத் தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடுகிறது. ஊஞ்சல் கட்டவோ செடி வைக்கவோ ஒன்று வேண்டும் என்றால் முதலில் அடியில் நாலைந்து துளை போட்டுவிடுங்கள்.